சாலஞ்சர் கண்ட சமுத்திரம்

ஆழ்ந்து கிடப்பதால் கடலுக்கு ஆழி என்று பெயர் வந்தது என்பர். ஆனால் அந்த ஆழம் எவ்வளவு, அதன் அடித்தளத்தில் என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் யாரையேனும் கேட்டிருந்தால், திட்டமான விடை கிடைத்திராது. சந்திரனின் மலைகளுக்கு உயரம் குறித்து வைத்திருந்த ஐரோப்பியப் பண்டிதர்கள், தங்கள் கப்பல்கள் நாள்தோறும் கடந்து சென்ற அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடித்தளத்தைப் பற்றி ஊகத்தையே நம்பியிருந்தார்கள்.

ஊகங்களுள் ஒன்று விந்தையானது. கீழே செல்லச் செல்ல நீர் அடர்த்தி மிகுந்து கனமாகிவிடும். ஆகவே மூழ்கிய கப்பலோ பீரங்கியோ அடித்தளம் வரை போகாது, தன் கனத்திற்கு ஏற்ற ஓர் ஆழத்தில் நின்று அங்கேயே என்றென்றும் மிதந்துகொண்டிருக்கும் என்று மாலுமிகள் மட்டுமன்றிப் படித்தவர்களும் நம்பினர். உண்மையில் நீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். பல மைல் ஆழத்திலும் அதன் அடர்த்தி நூற்றுக்குச் சில பங்கே கூடும். மேலே மூழ்கும் இரும்பு அடிவரை மூழ்கியே தீரும்.

மற்றோர் ஊகம் விஞ்ஞானத்தின் உடை தரித்து வந்தது. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1841-ஆம் ஆண்டில் 'பீக்கன்' என்ற கப்பலில் சென்று ஈஜியன் கடலின் அடித்தளத்தை வலையால் வாரிப் பார்த்தார். ஆழம் கூடக் கூடப் பிராணிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவர் வாரிய மிகப் பெரிய ஆழம் 230 பாகம். (இரு கைகளையும் விரித்து அளக்கும் ஆறடி அளவையே ஈண்டுப் பாகம் என்கிறோம்.) அந்தப் போக்கைக் கணக்கிட்டு, 300 பாகத்திற்குக் கீழே உயிரே இராது என்று அவர் முடிவு கூறினார். இருளும் குளிரும் அழுத்தமும் கூடிய இடத்தில் எது பிழைக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியதால், இம்முடிவு எளிதில் வேரூன்றிவிட்டது. ஃபோர்ப்ஸ் வாரிய இடம் மத்தியதரைக் கடலின் உயிர் வளம் குன்றிய ஒரு மூலை என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1818-ஆம் ஆண்டிலேயே ஜான் ராஸ் என்ற கடற்படைத் தலைவர் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்க இறக்கிய கயிற்றோடு நட்சத்திர மீன் ஒன்று பின்னிக்கொண்டு மேலே வந்திருந்தது. அதையும் யாரும் நினைவில் வைக்கவில்லை.

இக்கொள்கையை அசைத்தது தந்திக் கம்பி. சார்டீனியாத் தீவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கடலடியில் போட்டிருந்த கம்பி 1860-ஆம் ஆண்டில் அறுந்துபோயிற்று. பழுது பார்க்க அதை மேலே இழுத்தபோது, 1,200 பாக ஆழத்தில் கிடந்த பகுதியில் பவளப் பிராணிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. கம்பியைச் சுற்றி வளர்ந்த பிராணி வேறு எங்கோ இறந்து அடியில் விழுந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. அது அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தது. வியாபாரிகள் தந்திக்காகச் செய்த செலவில் விஞ்ஞானத்துக்கு இலவசமாகக் கிடைத்த சான்று அது.

அதன்பின் பெல்ஃபாஸ்டின் ஒய்வில் தாம்ஸனும் லண்டனின் வில்லியம் கார்ப்பென்டரும் முனைந்து, 1868-ல் 'லைட்னிங்', 1869-ல் 'போர்குப்பைன்' என்ற சிறு கப்பல்களைக் கடற்படையிடம் கேட்டு வாங்கினர். 1869-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிஸ்கே விரிகுடாவுக்கு அப்பால் 2,435 பாக ஆழத்திலிருந்து உயிருள்ள பிராணிகள் மேலே வந்தன. இரண்டே முக்கால் மைல் ஆழம்! 300 பாக எல்லை அன்றோடு ஒழிந்தது. ஆயினும் ஓரிரு இடங்களை வாரியதைக் கொண்டு உலகத்தின் சமுத்திரம் முழுவதையும் பற்றிப் பேச முடியுமா? ஆகவே ராயல் சொசைட்டி ஒரு கப்பலைக் கேட்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் 'சாலஞ்சர்' என்ற போர்க்கப்பலைக் கொடுத்தது.

2,306 டன் நிறை, ஏறக்குறைய 200 அடி நீளம், மரத்தாலான உடல், பாயும் நீராவி எஞ்சினும் இரண்டும் உண்டு. அதன் பீரங்கிகளில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இறக்கிவிட்டு, அவை நின்ற இடங்களில் ஆராய்ச்சி அறைகளை அமைத்தார்கள். வெடிமருந்து இருந்த இடத்தில் கண்ணாடிக் குப்பிகளும் சாராயமும் நுண்ணோக்கிகளும் ஏறின. ஆழம் அளக்க ஏறத்தாழ 180 மைல் நீளமுள்ள இத்தாலியச் சணல் கயிறு ஏற்றப்பட்டது. உலோகக் கம்பியால் ஆழம் அளக்கும் புதுக் கருவி ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது. முதல் முயற்சியிலேயே அதன் உருளை நசுங்கிப்போகவே, கப்பல் தலைவர் பழைய சணற்கயிற்றுக்கே திரும்பினார். புதுமையில் அவருக்கு வெறுப்பு இல்லை. நடுக்கடலில் எது உழைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கொள்ள வேண்டும்.

தலைவர் ஜார்ஜ் நேர்ஸ். விஞ்ஞானிகளுக்குத் தலைமை ஒய்வில் தாம்ஸன். அவருடன் ஜான் மர்ரே, மோஸ்லி, ஜெர்மானிய இளைஞர் வில்லமோஸ் சூம், இரசாயன ஆராய்ச்சியாளர் புக்கானன், ஓவியரும் காரியதரிசியுமான வைல்டு என ஐவர். கப்பலில் இருந்தவர் மொத்தம் ஏறத்தாழ 240 பேர். 1872-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல், 1876-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி ஸ்பிட்ஹெட்டில் வந்து நங்கூரம் இட்டது. இடையில் 68,890 கடல் மைல். கடலிலேயே கழிந்த நாட்கள் 713.

இந்த எண்களைச் சொல்லிவிடுவது எளிது. ஒரு நாளின் வேலையைச் சற்றுப் பார்ப்போம். ஏறக்குறைய 200 மைலுக்கு ஒரு முறை கப்பல் நிற்கும். பாய்களைச் சுருட்டி, எஞ்சினை ஓட்டி, காற்றை எதிர்த்துக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். முதலில் கனமான இரும்புப் பாரங்களைக் கட்டிய கயிறு இறங்கும். அடியைத் தொட்டதும் பாரம் தானே கழன்று அங்கேயே தங்கிவிடும். கயிற்றின் நுனியிலுள்ள குழாய் ஒரு பிடி சேற்றைக் கொண்டு மேலே வரும். பிறகு உஷ்ணமானிகளும் நீர்க் குப்பிகளும் வெவ்வேறு ஆழங்களுக்கு இறங்கும். கடைசியில் இரும்புச் சட்டம் பொருத்திய பை வலை. அது இரண்டு மூன்று மைல் கீழே போய், அடித்தளத்தில் இழுபட்டு, மறுபடி மேலே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இவ்வாறு நின்ற நிலையங்கள் 362.

தொடக்கத்தில் வலை மேலே வரும்போது கப்பலில் உள்ளவர் எல்லோரும் மேல்தளத்தில் கூடினார்கள். சமையற்காரர் முதல் தலைவர் வரை கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சில மாதங்கள் சென்றபின் கூட்டம் கரைந்துபோயிற்று. வலை வாரும் வேலைக்குரிய ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால் சலிப்பூட்டும் அடிமை வேலை என்று பொருள்படும். மாலுமிகள் அதையே அவ்வேலைக்குப் பெயராக்கிவிட்டனர். கப்பலில் வளர்ந்த ஒரு கிளி, இரண்டாயிரம் பாகம் இறக்கியும் தரை தட்டவில்லையே என்று கார்ப்பென்டரின் பெயரைச் சொல்லிப் புலம்பக் கற்றுக்கொண்டதாம். கரையில் பத்திரமாக அமர்ந்துகொண்டு இவர்களைக் கடலுக்கு அனுப்பியவர்களுள் கார்ப்பென்டரும் ஒருவர் அல்லவா? கிளிக்கு அதைக் கற்பித்தவர் யாராக இருந்தாலும், சலித்துப்போனவர் என்பதில் ஐயமில்லை.

சலிப்போடு ஆபத்தும் இருந்தது. புறப்பட்டுச் சில மாதங்களுக்குள், 1873-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. கயிறு முறுக்கேறி, கப்பி பிய்ந்து தெறித்து, ஓர் இளம் மாலுமியின்மேல் விழுந்தது. அவன் இறந்தான். வழக்கப்படி உடலைப் பாரத்தோடு கட்டிக் கடலில் இறக்கினார்கள். முன்னர்க் கூறிய அந்தப் பழைய நம்பிக்கை இப்போது வெறும் ஊகமாக இல்லை. தம்முடன் உண்டு உறங்கிய ஒருவன் அடி சேர்வானா, நடுவில் நின்றுவிடுவானா என்பது அவன் தோழர்களின் கவலை. விஞ்ஞானிகள் இதனை அலட்சியம் செய்யவில்லை. புக்கானன் கண்ணாடிக் குழாய் ஒன்றை நன்கு மூடித் துணியில் சுற்றிச் செப்பு உறைக்குள் வைத்து ஆழத்துக்கு அனுப்பினார். அது மேலே வந்தபோது செப்பு உறை நசுங்கியிருந்தது. உள்ளே கண்ணாடி பனித்தூள் போல் பொடியாகிக் கிடந்தது. அழுத்தம் எத்தகையது என்பதை அனைவரும் கண்ணால் கண்டார்கள். மோஸ்லி, மென்மையான ஒரு கடற்பிராணியின் இறந்த உடல் 2,000 பாகம் இறங்க எத்தனை நேரம் ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். ஏறக்குறைய நான்கு நாட்கள். மேற்பரப்பில் இறக்கும் உயிர்கள் மெல்ல மெல்ல அடிவரை சென்று, அங்கே வாழும் பிராணிகளுக்கு உணவாகின்றன என்பதற்கு இது விளக்கமாயிற்று.

துறைமுகத்துக்குத் துறைமுகம் மாலுமிகள் இறங்கிப் போனார்கள். ஏறத்தாழ 60 பேர் திரும்பி வரவில்லை. நேர்ஸையும் கடற்படை ஹாங்காங்கிலிருந்து வடதுருவப் பயணத்திற்கு அழைத்துக்கொண்டது. வில்லமோஸ் சூம், தம் 28-ஆவது பிறந்த நாள் கழிந்த இரண்டாம் நாள், 1875-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், டஹிட்டியை நோக்கிச் செல்லும் வழியில் தோல் அழற்சி நோயால் காலமானார். அவரும் பசிபிக்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கப்பலின் பண்டகசாலையில் உதவியாளனாக இருந்த ஜோசப் மாட்கின் என்ற இளைஞன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1992-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. விஞ்ஞானிகளின் பெரிய அறிக்கையில் காணாத உணவின் தரமும் குளிரும் வசைமொழியும் அக்கடிதங்களில் இருக்கின்றன. ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று, தபாலை எதிர்பார்த்திருப்பது எப்படி என்று அறிந்த நேயர்கள் அவற்றை விரும்பிப் படிப்பார்கள்.

இனி, அக்கப்பல் கண்டவற்றுள் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் ஒன்றை விரிவாகக் கூறுவோம். அது ஒரு பொருளைக் கண்டுபிடித்த கதை அன்று. ஒரு பொருள் இல்லாமற் போன கதை.

1857-ஆம் ஆண்டில் தந்திக் கம்பிக்கு வழி பார்க்கச் சென்ற ஒரு கப்பல் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து சேறு எடுத்து வந்து, சாராயத்தில் ஊறவைத்திருந்தது. பதினோராண்டு கழித்து, 1868-ல், தாமஸ் ஹக்ஸ்லி அதை நுண்ணோக்கியில் பார்த்தார். சேற்றில் கூழ் போன்ற ஒரு பொருள் வலைபோலப் பரவியிருந்தது. அது உயிருள்ள ஆதிப்பொருள் என்று அவர் எண்ணினார். உருவமும் உறுப்பும் அமையுமுன் உயிர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலை! ஜெர்மானிய அறிஞர் ஹெக்கலின் பெயரைச் சேர்த்து 'பாத்திபியஸ் ஹெக்கலி' என்று அதற்குப் பெயரிட்டார். சமுத்திரத்தின் அடி முழுவதும் இந்த உயிர்க்கூழ் ஒரு கம்பளம்போல் விரிந்து கிடக்கிறது என்ற எண்ணம் பரவிற்று. டார்வினின் நூல் வெளிவந்து பத்தாண்டு ஆகாத காலம் அது. உயிரின் தொடக்கத்தையே கையில் பிடித்துவிட்டோம் என்று பலர் மகிழ்ந்தனர்.

சாலஞ்சரின் விஞ்ஞானிகள் அதைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் புதுச் சேற்றை எடுத்து உடனே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எங்கும் இல்லை. ஆனால் சேற்றைச் சாராயத்தில் இட்டு வைத்த குப்பிகளில் மட்டும் அது தோன்றியது! புக்கானன் இதை இரசாயன முறையில் ஆராய்ந்தார். கடல்நீரில் சாராயத்தை மிகுதியாகக் கலந்தால், நீரிலுள்ள கால்சியம் சல்பேட் என்ற உப்பு கூழ்போலப் பிரிந்து படியும். ஹக்ஸ்லி கண்ட ஆதி உயிர் என்பது குப்பிக்குள் உண்டான சுண்ணாம்பு உப்பே. ஒய்வில் தாம்ஸன் 1875-ஆம் ஆண்டில் இதை ஹக்ஸ்லிக்குக் கடிதமாக எழுதினார். ஹக்ஸ்லி அதை மறைக்கவில்லை, தாமதிக்கவும் இல்லை. தமது தவற்றைத் தாமே பத்திரிகையில் வெளியிட்டார். ஹெக்கல் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும், சாலஞ்சர் கொண்டுவந்த கதிருயிர்கள் என்ற நுண்ணுயிர்களை ஆராயும் பொறுப்பு பின்னர் அதே ஹெக்கலிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இனங்களை அவர் வரைந்தும் விவரித்தும் வைத்தார். தவறிய இடத்தைக் கொண்டு ஓர் அறிஞரை ஒதுக்கிவிடாத அந்தப் பெருந்தன்மையை நாம் மெச்சுகிறோம்.

கண்டுபிடித்தவையும் குறைவல்ல. பூமத்திய ரேகைக்கு அருகே மேற்பரப்பு நீர் 27 டிகிரி சென்டிகிரேடு இருக்கும் இடத்திலும், அடித்தள நீர் இரண்டு டிகிரிக்கு அருகிலேயே இருந்தது. வெயில் கொளுத்தும் கடலின் அடியில் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? துருவப் பகுதிகளில் குளிர்ந்து கனத்த நீர் கீழே இறங்கி, அடித்தளத்தின் வழியே மெல்ல மெல்ல ஊர்ந்து உலகெங்கும் பரவுகிறது. அட்லாண்டிக்கின் கிழக்கு, மேற்குப் பக்கங்களில் அடிநீரின் உஷ்ணம் ஒத்திராததைக் கண்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு ஒன்று தடுத்து நிற்க வேண்டும் என்று ஒய்வில் தாம்ஸன் அனுமானித்தார். அந்த மேட்டின் உருவத்தை ஒலி அலைகளால் அளந்து வெளிப்படுத்தியது 1925 முதல் 1927 வரை உலவிய ஜெர்மானியக் கப்பலான 'மீட்டியர்'. கடல்நீரிலிருந்து தங்கம் எடுத்துப் போர்க்கடனை அடைக்கலாம் என்ற ஆசையும் அக்கப்பலை அனுப்பியதற்கு ஒரு காரணம். தங்கம் கிடைக்கவில்லை, மலைத்தொடர் கிடைத்தது.

1875-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் தேதி நிகழ்ந்தது தற்செயல். ஜப்பானை நோக்கிச் சென்ற கப்பல் காற்று ஒத்துழைக்காததால் எண்ணிய தீவுகளை அடைய முடியாமல் வழி விலகிற்று. அங்கே ஆழம் பார்த்தபோது கயிறு இறங்கிக்கொண்டே போயிற்று. கணக்கில் பிழை இருக்கலாம் என்று ஐயுற்று மறுபடியும் அளந்தார்கள். 4,475 பாகம், அதாவது 8,184 மீட்டர். கீழே அனுப்பிய உஷ்ணமானிகளுட் சில அழுத்தம் தாங்காமல் உடைந்து வந்தன. அதே பள்ளத்தின் மிக ஆழமான பகுதியை 1951-ல் அதே பெயருடைய மற்றொரு கப்பல் ஒலியால் அளந்தது. அது ஏறக்குறைய 10,900 மீட்டர். இன்று அதற்குச் சாலஞ்சர் பள்ளம் என்று பெயர். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி ஜாக் பிக்கார்டு, டான் வால்ஷ் என்னும் இருவர் 'திரியெஸ்தே' என்ற கலத்தில் அமர்ந்து அதன் அடியைத் தொட்டுத் திரும்பினர்.

கப்பல் கொண்டுவந்த குப்பிகளையும் பெட்டிகளையும் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 50 பெருந்தொகுதிகள். பயணம் மூன்றரை ஆண்டு. எழுத்து ஏறத்தாழ இருபதாண்டு. விஞ்ஞானத்திற்குப் புதியனவாக ஏறக்குறைய 4,700 உயிரினங்கள் பதிவாயின. பொருள்களை வெளிநாட்டு அறிஞர்களுக்கும் பகிர்ந்து கொடுத்ததை இங்கிலாந்தில் பலர் எதிர்த்தனர். செலவை நீட்டிக்க நிதி இலாகா மறுத்தது. இந்தப் போராட்டத்தில் உடல் நலிந்து ஒய்வில் தாம்ஸன் 1882-ல் காலமானார். ஜான் மர்ரே அப்பணியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு, சொந்தப் பணத்தையும் செலவிட்டு, 1895-ல் முடித்து வைத்தார். இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவிலிருந்து தமக்கு வந்த ஒரு கல்லை ஆராய்ந்து, அது உரத்திற்கு உதவும் பாஸ்பேட் என்று கண்டவர் அவர். அத்தீவு பிரிட்டனுக்கு உரியதாயிற்று. அங்கிருந்து அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சாலஞ்சர் பயணத்துக்கு ஆன முழுச் செலவையும் மிஞ்சிவிட்டது என்று மர்ரே பின்னர்க் கணக்குக் காட்டினார். நிதி இலாகாவுக்கு அவர் அளித்த பதில் அது.

உலகைச் சுற்றிய இக்கப்பல் நம் கடலுக்கு வந்ததா? வரவில்லை. நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கே கெர்கேலன் தீவு வழியாக, பனிமலைகளுக்கிடையே தென்துருவ வட்டத்தைக் கடந்து, நேரே மெல்போர்னுக்குச் சென்றுவிட்டது. அரபிக் கடலும் வங்கக் கடலும் அதன் படத்தில் வெற்றிடங்கள்.

அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது பம்பாயில் கட்டப்பட்டு 1881-ல் நீரில் இறக்கப்பட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற சிறு நீராவிக் கப்பல். துறைமுகங்களையும் கரையையும் அளந்து படம் வரைவதே அதன் உத்தியோகம். கப்பலின் வைத்தியரே இயற்கை ஆராய்ச்சியாளராகவும் இருக்கலாம் என்று ஏற்பாடு. அளவை வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் அவர் வலை வீச வேண்டும்! 1888 முதல் 1892 வரை அப்பதவியில் இருந்த ஆல்ஃபிரெட் ஆல்காக், மழைக்காலத்தில் கப்பல் துறையில் நிற்கும்போது கல்கத்தாவின் இந்திய மியூசியத்தில் அமர்ந்து, கிடைத்த மீன்களையும் நண்டுகளையும் வகைப்படுத்தினார். பின்னர் அந்த மியூசியத்துக்கே தலைவரானார். கல்கத்தாவில் வாழும் நேயர்கள் சௌரங்கிச் சாலையிலுள்ள அக்கட்டிடத்தை எத்தனையோ முறை கடந்து சென்றிருப்பார்கள். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு அங்குள்ள எகிப்தியப் பிணத்தைக் காட்டுவதோடு நம்மவர் திரும்பிவிடுவது வழக்கம். இந்துமகா சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து முதன்முதலில் வந்த உயிர்கள் பலவும் வந்து சேர்ந்த இடம் அதுவே.

அக்கப்பலில் பிற்காலத்தில் வைத்தியராயிருந்த சீமோர் ஸுவல், ஜான் மர்ரே விட்டுச் சென்ற பணத்தைக்கொண்டு 1933-34-ஆம் ஆண்டுகளில் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பலில் அரபிக் கடலை ஆராய்ந்தார். கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட், நம் கடலுக்கே திரும்பி வந்தது என்று சொல்லலாம். அங்கே ஒரு விசித்திரம். அரபிக் கடலின் சில பகுதிகளில், இடைப்பட்ட ஆழத்தில், வலையில் உயிரற்ற சேறு மட்டுமே வந்தது. அழுகிய முட்டை நாற்றம் வீசிற்று. ஃபோர்ப்ஸ் கூறிய உயிரற்ற கடல் இங்கே உண்மையாயிற்று. ஆனால் காரணம் ஆழமோ அழுத்தமோ அன்று. அந்த நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருந்ததே காரணம்.

சுதந்திரத்துக்குப்பின், 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியில் பல நாடுகளின் நாற்பது அளவான கப்பல்கள் கலந்துகொண்டன. நம் கடற்படையின் 'கிஸ்ட்னா'வும் அவற்றுள் ஒன்று. பம்பாய்க் கொலாபாவில் அதன் வானிலைக் கூடம் இயங்கிற்று. அதன் பயனாக 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தேசியக் கடலாராய்ச்சி நிலையம் பிறந்தது. இன்று அது கோவாவில் உள்ளது. அதன் முதல் தலைவர் என். கே. பணிக்கர், அதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். இராமேசுவரம் யாத்திரை செல்வோர் பாம்பன் பாலம் ஏறுமுன் பார்க்கும் அதே மண்டபந்தான்.

சாலஞ்சர் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி கானரித் தீவுகளுக்கு அப்பால் அடியிலிருந்து கருநிற உருண்டைகள் சிலவற்றை எடுத்திருந்தது. புக்கானன் அவற்றில் மாங்கனீஸ் மிகுந்திருப்பதைக் கண்டார். பின்னர்க் கிடைத்த பலவற்றைப் பிளந்தபோது நடுவில் சுறாப்பல்லோ திமிங்கிலத்தின் காதெலும்போ இருந்தது. அதைச் சுற்றி உலோகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் படிந்து வளர்கிறது. நூறாண்டு காலம் இவை மியூசியப் பொருள்களாகவே இருந்தன. 1981-ஆம் ஆண்டில் நம்முடைய 'கவேஷணி' கப்பல் இந்துமகா சமுத்திரத்திலிருந்து இத்தகைய உருண்டைகளை எடுத்தது. 1987-ல் அச்சமுத்திரத்தின் நடுப்பகுதியில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆராய்ச்சிக்காக நம் நாட்டிற்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் அதில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் அவற்றில் உள்ளன. எடுப்பதற்குச் சேற்றைக் கிளற வேண்டும். சேற்றிலும் உருண்டைகளின் மேலும் வாழும் உயிர்களுட் பலவற்றுக்கு இன்னும் பெயர்கூட இடப்படவில்லை. முதலில் எண்ணி முடிப்பதா, முதலில் எடுப்பதா என்ற வழக்கு நாடுகளுக்கிடையே எழுந்துள்ளது. எண்ணுவதே முதலில் நடக்க வேண்டும் என்பது நம் கருத்து.

எண்ணி வைத்ததன் பயன் எத்தகையது என்பதற்குச் சாலஞ்சரின் உஷ்ணக் கணக்குகளே சான்று. இன்று உலகின் கடல்களில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் மூழ்கியும் எழுந்தும் உஷ்ணநிலையை அனுப்பி வருகின்றன. 2012-ஆம் ஆண்டில் சில விஞ்ஞானிகள் இவற்றின் அளவுகளை, சணற்கயிற்றில் கட்டி இறக்கிய சாலஞ்சரின் உஷ்ணமானிகள் காட்டிய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். மேற்பரப்பு நீர் சராசரியாக 0.59 டிகிரியும், மேலுள்ள 700 மீட்டர் நீர் சராசரியாக 0.33 டிகிரியும் வெப்பமேறியிருப்பது தெரியவந்தது. அலுத்துக்கொண்டே கயிறு இழுத்த மாலுமிகள் எழுதுவித்த கணக்கு அது. அட்லாண்டிக்குக்கும் பசிபிக்குக்கும் இப்படி ஒரு பழைய ஏடு இருக்கிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அக்கப்பல் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆகவே நம் கரைகளுக்கு அப்பாலுள்ள நீர் அந்நாளில் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதற்கு இன்வெஸ்டிகேட்டரின் சிதறிய குறிப்புகளையும் மபாஹிஸ் எடுத்த அளவுகளையுமே நம்மவர் புரட்ட வேண்டியிருக்கிறது.